நவம்பர் பக்கத்தில் மஞ்சள் வரவில்லை

போன வாரம் நம் டீமிலிருந்து உங்களில் ஒருத்தர் எனக்கு மெயில் போட்டிருந்தீர்கள். புதிதாகச் சேர்ந்தவர் போலிருக்கிறது, ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தீர்கள். பக் பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம் மேடம், தேடல் முடிவில் மஞ்சள் வராத பிரச்சினை ஒன்று உங்கள் பெயரில் திறந்தே கிடக்கிறது, அது சரியாகிப் பல வருஷம் ஆகிவிட்டதே, மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூடு, மூடாதே என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஒரு வார்த்தையில் பதில் போட்டுப் போட்டுத்தான் நான் ஒரு மனுஷனைக் கெடுத்தேன். அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை, பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாண்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி, ஏழெட்டுக் கம்ப்யூட்டர், கரண்டு போனால் கத்துகிற ஒரு யுபிஎஸ், அவ்வளவுதான். எங்கள் வேலை ஓப்பன் சோர்ஸ் தேடல் மென்பொருள் ஒன்றைப் பராமரிப்பது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்குச் சம்பளம் கொடுக்கும். மென்பொருளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் பக் என்று குறை எழுதலாம். எழுதின குறையைப் பார்த்து, சரிபண்ணி, மூட வேண்டியது நாங்கள்.

அதில் எனக்குக் கிடைத்தது ஹைலைட். நீங்கள் ஒரு வார்த்தையைத் தேடினால், கிடைத்த பக்கத்தில் அந்த வார்த்தை மேல் மஞ்சள் பூசிக் காட்டுமே, அது. டீமில் அதற்கு மதிப்பே கிடையாது. கெட்டிக்காரப் பையன்கள் எல்லாம் தேடுகிற எஞ்சினில் கை வைத்திருந்தார்கள். தேடிக் கிடைத்ததற்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. காலையில் உள்ளே நுழைந்தால் "இன்னிக்கு யாருக்கு மஞ்சத்தண்ணி ஊத்தப் போறே?" என்று கேட்பான்கள். நானும் சும்மா விடமாட்டேன், உன் கல்யாணத்துக்குத்தாண்டா என்பேன். ஆனால் உள்ளுக்குள் எரியும். எனக்கு அப்போதெல்லாம் மூக்குமேல் கோபம். அந்த எரிச்சலோடுதான் வேலை பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் முதன்முதலில் வெளியே தெரிந்தது ஒரு வேகப் பிரச்சினையில். பெரிய ஃபைலாக இருந்தால் மஞ்சள் பூச அரை நிமிஷம் ஆகிறது, பக்கம் தொங்கிப்போகிறது என்று பத்துப் பதினைந்து பேர் புலம்பியிருந்தார்கள். நான் ஒரு சின்ன வேலை செய்தேன். ஃபைலில் முதல் ஒரு லட்சம் எழுத்து வரைக்கும் மஞ்சள் பூசு, அதற்கு மேல் பார்க்காதே என்று ஒரு எண்ணை வைத்தேன். பக்கம் சட்டென்று திறந்தது. வெளிநாட்டிலிருந்து பாராட்டி மெயில் வந்தது, டீமில் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பயன்படுத்துகிறவருக்குத் தெரியவேண்டாமா என்று நானும் நினைக்கவில்லை, என்னைப் பாராட்டினவர்களும் நினைக்கவில்லை.

எட்டு மாசம் கழித்து அந்த பக் வந்தது. பிரெஞ்சில் எழுதியிருந்தது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. எங்கள் ஊர் தெருப் பலகைகளில் பார்த்திருக்கிறேன், அதோடு சரி. அப்பாவுக்கு வில்லியனூர் பக்கம் நிலம், நான் படித்தது தமிழ் மீடியம், வேலைக்கு வந்துதான் ஆங்கிலமே ஒழுங்காக எழுதப் பழகினேன். இணையத்தில் மொழிபெயர்க்கிற பக்கம் ஒன்று இருந்தது, அதில் போட்டுப் பார்த்தேன். பெரிய ஃபைலில் பின்பகுதியில் இருக்கிற பெயர்களுக்கு மஞ்சள் வரவில்லை என்பது புரிந்தது. எழுதினவர் பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். பாரிசிலோ எங்கேயோ ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நான் வைத்த எண்தானே. எனக்குத் தெரிந்த விஷயம். 'வடிவமைப்பே அப்படித்தான்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி மூடிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பத் திறந்தார். ரொம்பப் பணிவாக, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி, பிரச்சினையைப் பார்ப்பதற்கு வசதியாக ஃபைலையே இணைத்திருந்தார். அதைத் திறக்கவில்லை நான். பெரிய ஃபைல், பிரெஞ்சு, இறங்கவே பத்து நிமிஷம் ஆகும். 'ஃபைலைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்துக்கொள்ளவும்' என்று எழுதி மறுபடி மூடினேன்.

ஒன்றரை மாசம் கழித்து மூன்றாவது முறை. இந்தத் தடவை நாலே வரி. பிரிக்கிற அதிகாரம் எனக்கில்லை, இது ஒருவருக்கு மிகவும் அவசரம், தயவுசெய்து பாருங்கள் என்று. அன்றைக்கு வேறு ஏதோ கடுப்பில் இருந்தேன். என்ன கடுப்பு என்று இப்போது நினைவுகூட இல்லை. 'இங்கே எல்லாருக்கும் அவசரம்தான்' என்று எழுதினேன். எழுதி, மூடி, டீ குடிக்கப் போனேன்.

இந்த மூன்று பதிலும் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அழிக்கிற உரிமை எனக்கு இருந்தது. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன்.

நாலாவது முறை அவர் எதுவும் எழுதவில்லை, திறக்க மட்டும் திறந்திருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் டீமுக்கு மேலே ஒருத்தர் இருந்தார், அதிகம் பேசாத மனுஷன். இந்த பிரெஞ்சுக்காரன் தொல்லை தாங்க முடியவில்லை, ஆளைத் தடை பண்ணிவிடலாமா என்று அவரிடம் போய்க் கத்தினேன். அவர் ஸ்கிரீனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அட்டாச்மென்ட்டத் தொறந்து பாத்தியாம்மா?"

இல்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. வந்து உட்கார்ந்து திறந்தேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேடு அது, ஒரு வருஷத்துக்கு உரியது. யாரோ உட்கார்ந்து வரிக்கு வரி டைப் அடித்திருக்கிறார்கள். எனக்கு பிரெஞ்சு தெரியாவிட்டால் என்ன, பெயர்கள் தெரியாதா? முனியம்மாள், கோவிந்தன், அந்தோணி, காதர். ஊர்ப் பெயர்களை பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தாலும் வாயால் படித்தால் வில்லியனூர், அரியாங்குப்பம், ஒதியம்பட்டு. எங்கள் தாத்தா நிலம் இருந்த ஊரின் பெயர் நாலாம் பக்கத்தில் வந்தது. ஃபைலின் தலைப்பில் அலுவலகத்தின் பெயர் இருந்தது. எங்கள் மாடியிலிருந்து வண்டியில் போனால் பத்து நிமிஷம்.

மூன்று மாசமாக நான் எழுதின அரைகுறை ஆங்கிலமும் அவர் எழுதின பிரெஞ்சும் எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் போய், இதே ஊருக்குத் திரும்பி வந்திருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையன்களிடம் சொன்னேன், எல்லாரும் சிரித்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போய் மன்னிப்புக் கேட்டு, ஆளைக் கொஞ்சம் கிண்டல் பண்ணிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

அது பழைய பதிவேடுகளை வைத்திருக்கிற ஒரு அலுவலகம். பெயர் வேண்டாம். உள்ளே போனால் கடைசியில் ஒரு மேஜை, துணி போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருத்தர். முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. பேண்ட் போட்ட பொம்பளை ஒருத்தி விறுவிறுவென்று வருவதைப் பார்த்து எழுந்து நின்று, போன்ழூர் மதாம் என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

நான் தமிழ்தான் ஐயா, நீங்கள் எழுதி எழுதி அனுப்பினதை மூடி மூடி வைத்தவள் நான்தான் என்றேன். நீங்க வெள்ளக்காரங்கன்னு நெனச்சுட்டேம்மா என்றார். நானும் உங்களை அப்படித்தான் நினைத்தேன் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். மூலக்குளம் என்றேன். அவர் ரெட்டியார்பாளையம். ஒரே ரோடு. காலையில் ஒரே சிக்னலில் நின்றிருப்போம். அவருக்கு பிரெஞ்சு பள்ளிக்கூடப் படிப்பு, ஆங்கிலம் வராது. கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தமிழில் எழுதினால் யாருக்குப் புரியப்போகிறது என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். எனக்கு மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அதைக் கவனிக்கிற புத்தி எனக்கு இல்லை. அதே சிரிப்போடு, அவசரம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஆள் யார், இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாரா, இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று அளந்தேன்.

"அவசரம் முடிஞ்சுபோச்சும்மா" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அதற்கப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன், என் பங்குக்கு எதுவும் சேர்க்கவில்லை.

அவர் பெயர் சவரிநாதன். அந்த அலுவலகத்தில் எழுத்தர். பதிவேடுகள் எல்லாம் பொடிந்துபோகிற நிலைமைக்கு வந்துவிட்டதால், பழுது பார்க்க வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. போனால் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும். அதனால் அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் டைப் அடித்து வைத்தார்கள். ஒரு வருஷத்துப் பதிவேடு ஒரு ஃபைல். டைப் அடித்ததில் பாதிக்கு மேல் அவர் கை. செலவில்லாமல் கிடைக்கிறதே என்று எங்கள் மென்பொருளை யாரோ அதில் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

சான்றிதழ் கேட்டு ஆள் வந்தால் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர் மூன்றையும் போட்டுத் தேடுவார்கள். இந்த ஊரில் கோவிந்தனும் முனியம்மாளும் இல்லாத வருஷம் ஏது? எல்லா ஃபைலும் வந்து நிற்கும். மூன்று பெயரும் ஒரே இடத்தில் மஞ்சளாக இருந்தால் அதுதான் அந்த ஆளுடைய பதிவு. எங்குமே அப்படி இல்லையென்றால் 'பதிவில் இல்லை' என்று கடிதம். அங்கே இருந்த அதிகாரி போட்ட விதி அது. மஞ்சள் இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை. கவுன்டரில் கூட்டம் குறைந்தது, தகராறு குறைந்தது, எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

என்னுடைய ஒரு லட்சம் எழுத்து அந்தப் பதிவேடுகளில் ஏறக்குறைய ஜூலை மாசத்தில் முடிகிறது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் பிறந்த யாருக்கும் மஞ்சள் கிடையாது.

எட்டு மாசம் இது யாருக்கும் தெரியவில்லை. இல்லை என்று கடிதம் கொடுத்தால் ஜனங்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சர்க்கார் கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் நம் ஆட்கள் யார் எதிர்த்துப் பேசுகிறார்கள்? தெரியவந்தது அவர் தன்னுடைய பெயரைத் தேடினபோது.

அவருக்கு ஒரே மகள். பாண்டியிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தாள். இரத்தத்தில் புற்றுநோய். நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சவரிநாதனும் மனைவியும் விசாவுக்குப் போட்டார்கள். மனைவிக்கு வந்துவிட்டது. இவருக்கு ஒரு கேள்வி. மகளுடைய கல்யாணப் பதிவில் தகப்பன் பிறந்தது நவம்பர் என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஜூன் என்று இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா? நமக்கு இது ஒரு விஷயமா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிடுவார், அதுவே கடைசி வரைக்கும் வரும், வீட்டுக்கு வீடு நடந்ததுதான். ஆனால் விசா கொடுக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? பழைய பிறப்புப் பதிவின் நகல் கொண்டுவா என்றான்.

தன் மேஜையில் உட்கார்ந்து தன் பெயரையே தேடியிருக்கிறார். மஞ்சள் வரவில்லை. தன் கையால் டைப் அடித்த பக்கம், நவம்பரில் மூன்றாவது பதிவு, இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஃபைலை உருட்டிக்கொண்டே போய் அந்த வரியை எடுத்து அதிகாரிக்குக் காட்டியிருக்கிறார். அதிகாரி பார்த்துவிட்டு, இதை டைப் அடித்தது யார் என்று கேட்டார். நான்தான் ஐயா. மற்றவர்கள் பெயர் எல்லாம் மஞ்சளாக வருகிறது, உம்முடையது மட்டும் வரவில்லையே? அசலும் ஊரில் இல்லை. உம்முடைய மகள் விஷயம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரே ஏற்காத பெயருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட? நாளைக்கு நீர் நுழைத்த வரி என்று எவனாவது மொட்டைக்கடுதாசி போட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். இப்படிச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அவருக்கும் அதே 'பதிவில் இல்லை' கடிதம்.

அந்தக் கடிதத்தை டைப் அடித்ததும் சவரிநாதன்தான். அந்த வேலைக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

அதற்கப்புறம்தான், மென்பொருளின் அடியில் இருந்த முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதியிருக்கிறார். தன்னுடைய விஷயம் என்று எழுதவில்லை, ஒருவருக்கு அவசரம் என்று எழுதினார். ஏன் ஐயா, மகள் சாகக் கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். ஆபீஸ் கடுதாசியில அதையெல்லாம் எழுதக்கூடாதும்மா என்றார்.

மனைவி மட்டும் மகளிடம் கிளம்பிப் போனார்கள். மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், அப்பா நீ எப்ப வர்றே என்று கேட்பாளாம். பேப்பர் வந்துடும்மா, அடுத்த வாரம் வந்துடும் என்பாராம். நான் 'எல்லாருக்கும் அவசரம்தான்' என்று எழுதினேனே, அது ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிறும் அடுத்த வாரம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த ஞாயிறு அவளால் பேச முடியவில்லை. அவள் அம்மா போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ள, இவர் இந்தப் பக்கத்திலிருந்து ஜெபம் சொல்லியிருக்கிறார். நான் அந்த மேஜைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்ற நாளுக்குப் பதினோரு நாள் முன்னால் அடக்கம் முடிந்திருந்தது. நாலாவது முறை எதுவும் எழுதாமல் திறந்திருந்தாரே, அது அதற்கப்புறம்.

எனக்கு எங்கேயாவது விழுந்து செத்துப்போகலாம் போல இருந்தது. அழுதேன். அந்த மனுஷன் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் சரிபண்ணினேன். ஒரு எண்ணை எடுத்துவிட்டு, வேகமாகப் பூசுவதற்கு வேறு வழி எழுதினேன். மூன்று மணி நேர வேலை. மூன்று மாசம் முன்னாலேயே அது மூன்று மணி நேர வேலைதான். மறுநாள் காலை அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டி, அவர் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன். நவம்பர் பக்கத்தில் மூன்றாவது பதிவில் பிள்ளை பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், மூன்றும் மஞ்சளாக நின்றது.

அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இப்போது சரி, எழுதிக் கொண்டுவாரும், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, அந்த ஆள் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சவரிநாதன் என் கையைப் பிடித்து, விடுங்கம்மா என்றார். விட்டேன். பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அந்த ஆளைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் செய்த குற்றம், நான் பூசின மஞ்சளை நம்பினது. எதிரில் நிற்கிற மனுஷனை நம்பாமல் போனதும் குற்றம்தான், ஆனால் அதையேதான் நானும் செய்தேன், அதுவும் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

எதிர்பார்க்காத ஒன்றை சவரிநாதன் அப்போது செய்தார். சான்றிதழ் தயாரானதும் அதை ஒரு உறையில் போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்தார். இதை இனிமே யாருக்கும்மா காட்றது என்றார். பிறகு அதே இழுப்பறையிலிருந்து கோடு போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார்.

"இத்தன மாசத்துல நான் இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புனவங்கம்மா. என் கையால கடுதாசி அடிச்சுக் குடுத்திருக்கேன். இவங்க பேரையும் தேடிக் குடுங்க."

வீட்டில் தனியாக இருந்த நாட்களில் விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பெயரும் விலாசமும் எழுதி வைத்திருந்தார். நாற்பத்து மூன்று பேர். கடைசியில், நாற்பத்து நாலாவதாகத் தன் பெயரையும் எழுதியிருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடினோம். முப்பத்தோரு பேருக்கு மஞ்சள் வந்தது. மகளைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர், ஒவ்வொரு பெயர் வரும்போதும், ஆ, இந்தம்மா மழையில வந்தாங்க, ஆ, இவருக்குக் காது கேக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

எல்லாருக்கும் போஸ்ட்கார்டு போட்டார். மென்பொருளில் அந்த பக்கை மூடட்டுமா என்று நான் கேட்டபோது, அவசரப்படாதீங்கம்மா, இவங்க எல்லாரும் வந்து பேப்பர் வாங்கினதும் நானே எழுதறேன், அப்புறம் மூடுங்க என்றார். சரி என்றேன். நம் டீமில் இன்றைக்கும் ஒரு விதி இருக்கிறதே, குறை எழுதினவர் சரி என்று சொல்லாமல் மூடக்கூடாது என்று, அது அன்றைக்கு வந்த விதி. பெரிய ஃபைலின் அடியில் 'இதற்கு மேல் தேடப்படவில்லை' என்று ஒரு வரி வருமே, அதுவும் அப்போது நான் போட்டதுதான். என் எண்ணை எடுத்தாலும் வேறு யாராவது ஒரு எண்ணை வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வைக்கட்டும், ஆனால் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். போன வருஷம் அந்த வரி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று ஒருத்தர் கேட்டார். அவரிடம் நான் பேசின பேச்சுக்கு இன்னும் என்மேல் வருத்தமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

நானும் மாசத்துக்கு ஒரு தரம் அந்த அலுவலகத்துக்குப் போவேன். யார் வந்தார்கள் என்று சொல்வார், நோட்டில் டிக் போட்டிருப்பார். ஒருநாள் நான் இருக்கும்போதே வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு. தகப்பன் பதிவுக்காக மூன்று முறை வந்து திரும்பிப் போனவர்கள், அவரை ஐயா என்பதற்கு பிரெஞ்சில் முசியே என்று கூப்பிடுகிறவர்கள். பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாது. "எங்கப்பன் பொறக்கவே இல்லன்னியே முசியே" என்று மட்டும் சொன்னார்கள். கோபமாகக்கூட இல்லை. சவரிநாதன் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். பக்கத்தில் நின்ற நான் என்ன செய்வதென்று தெரியாமல் கூடையைத் தூக்கிவிட்டேன்.

அப்புறம் அவர் ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய்வருவேன், பிறகு அதுவும் குறைந்தது. வேலை, வீடு, நம் எல்லாருக்கும் உள்ளதுதான். அவர் இறந்த செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து கொடுத்தார்கள். உங்ககிட்ட குடுக்கச் சொன்னார் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். முப்பத்தோரு பேரில் இருபத்தைந்து பேருக்கு டிக். நாலு பேருக்கு 'காலமானார், மகன் வாங்கிக்கொண்டார்' என்று எழுதி டிக். இரண்டு பேருக்கு 'விலாசத்தில் இல்லை' என்றிருந்தது, அதற்குக் கீழேயே வேறு பேனாவில் புது விலாசம், அதற்கும் டிக். ஒருத்தரைக்கூட விடவில்லை. மஞ்சள் வராத பன்னிரண்டு பேருக்கு, அசல் பதிவேடு ஊர் திரும்பியதும் அதில் பக்கம் பக்கமாகப் பார்த்ததாகக் குறிப்பு எழுதியிருந்தார். நாற்பத்து நாலாவது பெயருக்கு மட்டும் டிக் இல்லை. அந்த உறையை அவர் கடைசி வரைக்கும் எடுத்துக்கொள்ளவே இல்லை. மேஜை மாறி, இழுப்பறை மாறி, இப்போது எங்கே கிடக்கிறதோ.

எல்லாரும் வாங்கினதும் நானே எழுதறேன் என்று சொன்னவர் எழுதவில்லை. அதனால்தான் அது திறந்திருக்கிறது, மறதியால் இல்லை.

நான் இனிமேல் அந்தப் பட்டியலைப் பார்க்கப்போவதில்லை. அது உங்கள் வீடு, நீங்கள் பெருக்கித்தான் ஆகவேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டாவது கடிதத்தோடு அவர் இணைத்த ஃபைல் இன்னும் அங்கேயே இருக்கிறது. முதலில் அதைத் திறங்கள். பெரிசாக இருக்கும், பிரெஞ்சில் இருக்கும், பரவாயில்லை. உருட்டிக்கொண்டே போய், நவம்பரில் மூன்றாவது பதிவைக் கண்ணால் படியுங்கள், தேடல் போடாமல். படித்த பிறகு உங்களுக்குக் கை வந்தால், மூடுங்கள்.